வித்தா காசு

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் தமிழ் டீச்சர் ஒருநாள் புதிய வயர் கூடையோடு வகுப்புக்கு வந்தார். பச்சையும் வெள்ளையும் கலந்த சிவன்கண் கூடை. கைப்பிடியில் மட்டும் ஒரு சிவப்பு வரி ஓடியது. மேசைமேல் வைத்துவிட்டு, "எவ்வளவு நெருக்கமா போட்டிருக்காங்க பாருங்கடி, யாரு போட்டதுன்னு கடைக்காரருக்கே தெரியலையாம்" என்றார். முந்தின மாதம் இரவுகளில் எங்கள் வீட்டு முற்றத்தில், நான் வயரின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, அம்மா பின்னிய கூடை அது. பச்சை வயர் கொஞ்சம் குறைந்துபோனதால்தான் கைப்பிடிக்குச் சிவப்பு வந்தது. நான் குனிந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வேலை பார்த்த மில் அந்த ஆண்டுதான் மூடப்பட்டிருந்தது. கடைத்தெருவில் இருந்த பேன்சி ஸ்டோரில் அம்மாவின் கூடைகள் தொங்கின. நான்தான் பழைய சேலையில் சுற்றி எடுத்துப்போய்க் கொடுப்பேன். அண்ணாச்சி வாங்கிக்கொண்டு, "வித்தா காசு பாப்பா" என்பார். அம்மா வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. யார் போட்டது என்று யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. அண்ணாச்சியின் கணக்கு நோட்டில் அம்மாவின் பெயர் இல்லை. 'மில் வீடு – 3' என்று மட்டும் இருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து, பெண்களின் உழைப்பு வரலாறு குறித்து மாணவிகளுக்குப் பாடம் தயாரித்தபோது, கேத்லீன் வாட்டர்ஸ் சாண்டர் என்ற வரலாற்றாசிரியர் 1998இல் வெளியிட்ட ஒரு நூல் கைக்குக் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெண்களே நடத்திய கடைகளைப் பற்றியது. தாம் செய்த பொருட்களைப் பெண்கள் அங்கே கொண்டுவந்து வைப்பார்கள், விற்றால் காசு, விற்கும்வரை பொருள் அவர்களுடையது. விற்பவளுக்குக் கடையில் பெயர் கிடையாது. ஓர் எண் உண்டு. அந்த வரியைப் படித்ததும் எனக்கு 'மில் வீடு' நினைவுக்கு வந்தது. இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது.

*

பொருளை வாங்கி விற்கும் கடை ஒன்று. பொருளை வைத்து விற்றுக்கொடுக்கும் கடை இன்னொன்று. வணிகர்கள் இரண்டாவதைக் கன்சைன்மெண்ட் என்பார்கள். சரக்கை வாங்கிப் போட கடைக்காரருக்கு முதல் வேண்டியதில்லை. இடமும் ஆளும் கணக்கு நோட்டும் இருந்தால் போதும். இதனால்தான் முதலே இல்லாத பெண்கள் ஒன்றுசேர்ந்து கடை தொடங்கியபோது இந்த முறையைக் கைக்கொண்டார்கள்.

பிலடெல்பியா நகரத்தில் 1832இல் எலிசபெத் ஸ்டாட் என்ற பெண்மணியின் முயற்சியில் வசதியான வீட்டுப் பெண்கள் சிலர் கூடி 'லேடீஸ் டெபாசிட்டரி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெண்கள் வீட்டில் தைத்ததையும் பூவேலை செய்ததையும் கொண்டுவந்து வைக்க ஓர் இடம். அப்போது அந்த நகரத்தில் தையல் பெண்களின் கூலி பெரிய விவாதமாக இருந்தது. மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் 1820களின் இறுதியிலிருந்து அதுபற்றித் துண்டு நூல்கள் எழுதிவந்தார். நகரத்தில் இருந்த ராணுவத் துணிக்கிடங்கு, ஒரு சட்டை தைக்க பன்னிரண்டரை சென்ட் கொடுத்தது. தையல் இயந்திரம் கடைக்கு வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. கையால் ஒரு சட்டையை முடிக்க ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஆகும். அந்தக் கூலியில் ஒருத்தி தனியாக வாழ்வதே கடினம். குழந்தைகளோடு இருந்த விதவை எப்படி வாழ்ந்திருப்பாள் என்பதை நாம்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

டெபாசிட்டரி யாரை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது என்பது முக்கியம். அது எல்லாத் தையல் பெண்களுக்குமான கடை அன்று. 'நல்ல நிலையில் இருந்து நொடித்துப்போன' குடும்பப் பெண்களுக்கானது. கணவன் இறந்தவள், தந்தையின் வியாபாரம் முறிந்துபோனவள், கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் இருப்பவள். இப்படிப்பட்டவள் கூலிக்குத் தைக்கிறாள் என்று தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும். எனவே ரகசியம் இந்தக் கடையின் அடிப்படை விதியாயிற்று. நாம் 'கௌரவமான குடும்பம்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அதே சொல்லின் ஆங்கில வடிவம்தான் அங்கும் வேலை செய்தது.

சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணமான பெண்ணின் உழைப்பில் வந்த பணம் அன்றைக்குச் சட்டப்படி கணவனுடையது. பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் மனைவியின் சொத்துரிமைக்கான முதல் சட்டங்கள் 1848இல்தான் வந்தன. தான் சம்பாதித்த கூலி தனக்கே என்ற உரிமை நியூயார்க் பெண்ணுக்கு 1860இல் கிடைத்தது. டெபாசிட்டரிக்கு ஒரு பெண் தான் தைத்த குழந்தைச் சட்டையோடு போன 1833இல், அவள் பெயரில் அந்தப் பணத்துக்கு உரிமையே இல்லாமல் இருந்திருக்கலாம். பெயர் எழுதாத கணக்கு நோட்டுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டோ என்று நான் நினைப்பதுண்டு.

*

விற்க வருகிறவளின் அனுபவம் எப்படி இருந்திருக்கும்? விதிகளிலிருந்து அதை ஓரளவு கட்டியெழுப்ப முடிகிறது. எடுத்த எடுப்பில் அவள் உள்ளே போக முடியாது. இந்தக் கடைகளில் பலவற்றில், சந்தா கட்டும் உறுப்பினர் யாராவது அவளைப் பரிந்துரைக்க வேண்டும். அதாவது தெரிந்த சீமாட்டி ஒருத்தியிடம் தன் கஷ்டத்தை முதலில் சொல்லியாக வேண்டும். ரகசியம் கடையில் காக்கப்படும்; ஆனால் அதற்கு விலையாக ஒருத்தியிடமாவது அதை உடைத்தாக வேண்டும்.

அடுத்து, பொருளைக் குழு பார்வையிடும். தையல் நேராக இருக்கிறதா, பூவேலை சுத்தமா, ஜாம் கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல நாள் உழைப்பு ஒரு பார்வையில் திரும்பி வருவதை எண்ணிப் பாருங்கள். தேறினால் சீட்டு ஒட்டப்படும். சீட்டில் விலையும் அவளுடைய எண்ணும். விற்றதும் கடைச்செலவுக்குக் கழிவு எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். பிற்காலத்தில் இந்தக் கழிவு பெரும்பாலும் 10 சதவீதமாக இருந்தது. ஒரு டாலர் பொருளுக்கு 90 சென்ட் அவளுக்கு. ராணுவச் சட்டைக்குக் கிடைத்த பன்னிரண்டரை சென்ட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். இடைத்தரகரை நீக்கி, விலையின் பெரும்பகுதி செய்தவளுக்கே போகும்படி பெண்கள் தாமே ஒரு முறையை உண்டாக்கினார்கள். இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அதே பிலடெல்பியாவில், டெபாசிட்டரி திறந்த சில ஆண்டுகளுக்குள், 1835இல் தையல் பெண்களும் வேறு தொழில்களில் இருந்த பெண்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்துக் கூலி உயர்வு கேட்டார்கள். தங்கள் வேலைக்கு இன்ன கூலி என்று பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். முதலாளிகளில் சிலர் ஒத்துக்கொள்ளவும் செய்தார்கள். ஒரே நகரம், ஒரே ஊசி. ஒரு பக்கம் பெண்கள் கூடிப் பகிரங்கமாகப் பேரம் பேசினார்கள். இன்னொரு பக்கம் பெண்கள் எண்களாக வந்துபோனார்கள். 14ஆம் எண்ணுக்கு 15ஆம் எண் யாரென்று தெரியாது. வாங்குகிறவளிடமிருந்து மட்டும் அந்த எண் அவளை மறைக்கவில்லை. விற்கிற மற்றப் பெண்களிடமிருந்தும் மறைத்தது.

*

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இறந்திருந்தார்கள். 1873இல் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. பிழைப்புக்கு வழி தேடிய நடுத்தர வர்க்கப் பெண்களின் எண்ணிக்கை பெருகியது. ஆசிரியை வேலை, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை, தையல். இவற்றுக்கு அப்பால் 'கௌரவம்' அனுமதித்த தொழில்கள் மிகக் குறைவு.

கேண்டஸ் வீலர் என்ற பெண் இந்தக் கட்டத்தில் வருகிறார். 1827இல் பிறந்தவர். 1876இல் தம் மகள் ஒருத்தியைப் பறிகொடுத்தார். அதே ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சியில், லண்டனிலிருந்து வந்த பூவேலைப் பள்ளியின் துணிகளைப் பார்த்தார். பெண்களின் ஊசி வேலை கலையாகவும் விற்பனைப் பொருளாகவும் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. 1877இல் நியூயார்க்கில் அலங்காரக் கலைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே கலைத்தரம் உள்ளதற்கு மட்டுமே இடம். நன்றாகப் பூவேலை தெரிந்தவள் பிழைத்துக்கொள்வாள். நன்றாக ரொட்டி சுடத் தெரிந்தவள் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியிலிருந்து 1878இல், மேரி சோட் என்ற பெண்மணியோடு சேர்ந்து, 'நியூயார்க் எக்ஸ்சேஞ்ச் ஃபார் விமன்ஸ் ஒர்க்' என்ற கடையைத் தொடங்கினார் வீலர். இங்கே கேக், ஊறுபழம், குழந்தைச் சட்டை, போர்வை எல்லாம் வரலாம். நன்றாகச் செய்திருக்க வேண்டும், அவ்வளவே.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். கலை என்ற சொல் பூவேலையை ஏற்றுக்கொண்டு ரொட்டியை வாசலில் நிறுத்திவிட்டபோது, அந்தச் சொல்லையே கொஞ்சம் நகர்த்திவைத்துவிட்டு இன்னொரு கதவைத் திறந்தார்கள். அடுப்படியில் கூலியில்லாமல் ஒவ்வொரு நாளும் செய்யப்படும் வேலைக்கு, விலைச்சீட்டு ஒட்டிய ஒரு தட்டு கிடைத்தது. செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ் என்று பல நகரங்களில் இத்தகைய கடைகள் வந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் 70க்கும் மேற்பட்டவை தோன்றியிருந்தன. சிலவற்றில் சிற்றுண்டி அறைகளும் இருந்தன.

*

வாங்க வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்தின் வசதியான பெண்கள். பேத்தி பிறந்தால் பூவேலை செய்த சட்டை, விருந்துக்குக் கேக், கல்யாணத்துக்கு மேசைவிரிப்பு. பொருள் நன்றாக இருக்கும், குழு பார்த்துத் தேர்ந்தது. அதோடு ஒரு நல்ல காரியம் செய்த நிறைவும் கிடைக்கும். சட்டையைத் திருப்பிப் பார்த்து, இவ்வளவு நுணுக்கமாக யார் தைத்திருப்பார்கள் என்று கேட்டால், கடைப்பெண் எண்ணைத்தான் சொல்ல முடியும். நேற்று மாலை தன் வீட்டுக்குத் தேநீர் அருந்த வந்த தோழியே தைத்ததாகக்கூட இருக்கலாம். அந்தத் தோழி இந்தச் சட்டையைக் குழந்தையின்மேல் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டதுபோல.

தமிழ்ப் படித்தவளுக்கு இங்கே நற்றிணை நினைவுக்கு வராமல் இருக்காது. மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக, ஆண் துணையற்ற பெண்கள் நூற்ற மெல்லிய நூலைச் சொல்லும் பாட்டு ஒன்று அதில் உண்டு. கவிதை அந்த நூலின் நேர்த்தியைப் பார்த்திருக்கிறது. அவளுக்குத் துணையில்லை என்பதையும் பார்த்திருக்கிறது. அவள் பெயரும், நூலுக்கு அவள் பெற்ற விலையும் பாட்டுக்குள் வரவில்லை. வேலையைப் போற்றி, வேலை செய்தவளை மறைக்கும் வழக்கம் ஒரு நாட்டுக்கோ ஒரு நூற்றாண்டுக்கோ உரியதாக எனக்குத் தெரியவில்லை.

மறைக்கப்படுவதற்குக்கூடத் தகுதி தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் 1881இல் தொடங்கிய எக்ஸ்சேஞ்சில் கைவேலைகளோடு, போருக்குப் பின் நொடித்துப்போன குடும்பங்களின் பரம்பரைப் பொருட்களும் விற்பனைக்கு வந்தன. பாட்டியின் வெள்ளிக் கரண்டிகளைக் கொண்டுவந்து வைத்த அந்தப் பெண்ணின் கூச்சத்தை நான் உணர்கிறேன். கூடவே அடிமை முறை நிலவிய ஊர் அது என்பதும் நினைவுக்கு வருகிறது. அத்தகைய கரண்டிகளைத் துலக்கிவைத்த கறுப்பினப் பெண்களுக்கு விற்க வெள்ளியும் கிடையாது, காப்பாற்ற 'மானம்' இருப்பதாக அந்தச் சமூகம் ஒப்புக்கொண்டதும் கிடையாது. விடுதலைக்குப் பின் அவர்கள் துணி துவைத்தார்கள், சமைத்தார்கள். தெருவில் எல்லோரும் பார்க்கத்தான் அந்த மூட்டைகள் போயின. அவர்களுக்கு ரகசிய எண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. நம் ஊரிலும் வயலில் நாற்று நட்ட பெண்ணின் கூலியை யாரும் மறைத்ததில்லை. மறைக்க வேண்டிய உழைப்பு, மறைக்க வேண்டாத உழைப்பு என்ற பிரிவினையே சாதியும் வர்க்கமும் போட்ட கோடுதான்.

*

இந்தக் கடைகளைப் பற்றிக் கூர்மையான கேள்வியைக் கேட்டவர் லூசி சால்மன். வாசர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். வீட்டுவேலை செய்யும் பெண்கள் குறித்து 1897இல் ஒரு நூலே எழுதியவர். அதற்கு முன்பு, 1892இல், எக்ஸ்சேஞ்சுகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பே ஒரு கேள்வி: இது தருமமா, வணிகமா?

விற்க வருகிறவள் கஷ்டப்படுகிறாளா என்று பார்ப்பதில்தான் கோளாறு இருக்கிறது என்பது சால்மனின் பார்வை. ஆண் ஒருவன் நாற்காலி செய்து விற்க வந்தால், வீட்டில் அரிசி இருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை. நாற்காலி உறுதியா என்று மட்டும் பார்ப்பார்கள். பெண் கேக் கொண்டுவந்தால் மட்டும் அவள் வறுமைக்குச் சான்று கேட்பதேன்? தேவைக்காக மட்டுமே பெண் சம்பாதிக்கலாம் என்றால், சம்பாத்தியம் ஒரு துரதிர்ஷ்டமாகவே இருக்கும். துரதிர்ஷ்டத்தை யாரும் பெயர் போட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எண்ணை ஒழிக்க வேண்டுமானால் முதலில் அந்தப் பரிந்துரையை ஒழிக்க வேண்டும். கடைசி இரண்டு வரிகளும் சால்மனிலிருந்து நான் இழுத்துப்போகும் முடிவு.

தருமம் என்று சொல்லிக்கொண்டதால் கிடைத்த நன்மையும் இருந்தது. வணிகம் செய்கிறோம் என்று கிளம்பியிருந்தால் அந்தச் சீமாட்டிகளை அவர்கள் வீட்டு ஆண்களே தடுத்திருப்பார்கள். தருமம் என்ற பெயரில் அவர்கள் கடை வாடகை பேசினார்கள், கணக்கு எழுதினார்கள், எந்தப் பொருள் ஓடும் எது தேங்கும் என்று கற்றுக்கொண்டார்கள். பெண்கள் ஒரு நிறுவனத்தை நடத்தக் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்றாக அது ஆயிற்று. நியூயார்க் எக்ஸ்சேஞ்ச் 2003வரை, 125 ஆண்டுகள் நடந்தது. தனிமுதலாளிகள் நடத்திய எத்தனையோ கடைகளுக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை.

*

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அம்மாவிடம் பேசினேன். எனக்குள் ஒரு முடிவு தயாராக இருந்தது. குடும்ப மானத்துக்காகத் தன் பெயரை மறைத்துக்கொண்டது அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று கேட்டேன். டீச்சர் கூடையோடு வந்த கதையையும் முதன்முறையாகச் சொன்னேன்.

அம்மா சிரித்தார். "அது அப்பாவுக்காகச் சொன்னதுடி. வேலை போன மனுசன், அதுக்கு மேல ஒண்ணு எதுக்குன்னு. எனக்கென்ன வருத்தம்?" என்றார். கொஞ்சநேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார்: "அஞ்சு கூடை திரும்பி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? கடை வாசல்ல வெயில்ல தொங்கவிட்டு, ஒரு பக்கம் வயரு வெளுத்துப்போச்சு. விக்கலம்மான்னு திருப்பிக் குடுத்துட்டாரு. வயரு எங் காசு. அந்த நஷ்டம் யாரு கணக்குல வரணும்?"

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஐந்து கூடைகளின் எண்ணிக்கை அவருக்கு மறக்கவில்லை. நான் மானத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா கணக்கைப் பற்றிக் கேட்டார். 'வித்தா காசு' என்பதன் மறுபாதியை அவர்தான் எனக்குச் சொன்னார்: விற்காவிட்டால் நஷ்டம் முழுக்கச் செய்தவளுக்கு. துணியும் நூலும் வயரும் அவள் போட்ட முதல். இரவுகளும் அவள் போட்டவை. பிலடெல்பியாவின் அந்தக் குழு திருப்பி அனுப்பிய துணிகளும், செயின்ட் லூயிஸில் விற்காமல் அலமாரியில் மஞ்சளடித்த மேசைவிரிப்புகளும் யார் கணக்கில் போயிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். 10 சதவீதக் கழிவு எல்லா நூல்களிலும் வருகிறது. திரும்பி வந்த பொருளின் கணக்கு அதிகம் வருவதில்லை.

இன்று என் மாணவிகளில் சிலர் ஆரி வேலை செய்த ரவிக்கைகளையும் நூல் நகைகளையும் கடைகளில் வைத்து விற்கிறார்கள். தங்கள் பெயரைச் சீட்டில் போட்டுக்கொள்கிறார்கள். அதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது. அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கச் சொல்கிறேன். கடைக்காரரிடம் பேசும்போது, விற்றால் எவ்வளவு என்று கேட்கிறீர்கள் அல்லவா? வெளுத்துத் திரும்பி வந்தால் யார் கணக்கு என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.